தொட்டிச் செடியின் இலை நிறம் மாறினால் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

மாடியிலோ வாசலிலோ தொட்டியில் வளரும் அழகுச் செடியின் இலை மஞ்சளாகத் தொடங்கியதும், பெரும்பாலோரின் கை முதலில் உரப் பொட்டலத்தை நோக்கியே போகிறது. இலை மஞ்சளாவதற்குச் சத்துக் குறைவும் ஒரு காரணம்தான். ஆனால் தொட்டிகளைப் பொறுத்தவரை தண்ணீரும் வேரும்தான் அதைவிட அடிக்கடி குற்றவாளிகள். வேர் அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு உரம் இட்டால் மிஞ்சியிருக்கும் நல்ல வேரும் கருகும். செஞ்சிலந்தி என்ற நுண்ணிய சாறுறிஞ்சி தாக்கிய செடிக்கு யூரியா கொடுத்தால் தளிர் பெருகும், அதோடு சிலந்தியும் பெருகும். ஆகவே எதையும் இடுவதற்கு முன்னால் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் வெட்டவெளித் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படும் இட்லிப்பூ, செம்பருத்தி, ரோஜா, குரோட்டன்ஸ், நந்தியாவட்டை, காகிதப்பூ போன்றவையே இங்கு எடுத்துக்காட்டுகள்.

நோயல்லாத நிறமாற்றம்

சில நிறமாற்றங்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை. ரோஜாவின் புதுத் தளிர் செந்நிறமாகவும், இட்லிப்பூவின் தளிர் சற்றுச் செம்பழுப்பாகவும் வருவது இயல்பு; இலை முற்றும்போது பச்சையாகிவிடும். குரோட்டன்ஸின் பல ரகங்களில் தளிர் பச்சையும் மஞ்சளுமாகப் பிறந்து, வெயில் பட்டு முற்றிய பிறகே சிவப்பும் ஆரஞ்சும் ஏறும். நிழலில் வைத்த குரோட்டன்ஸ் பச்சையாகவே நின்றுவிடுவது வெளிச்சக் குறைவின் விளைவே தவிர நோயன்று. வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுடைய செடியில் ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாக வந்தால், அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதுவே மற்றக் கிளைகளைவிட வேகமாக வளர்ந்து செடி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நர்சரிகளில் பிளுமேரியா என்று விற்கப்படும் ஈழத்தலரி, மார்கழி, தை மாதங்களில் இலைகளை மஞ்சளாக்கி உதிர்ப்பதும் அதன் பருவ வழக்கம்தான்.

செம்பருத்தியில் அடியிலுள்ள ஓரிரு இலைகள் முழு மஞ்சளாகி, தொட்டதும் உதிர்ந்து, நுனியில் தளிரும் மொட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அது இலையின் வயது முடிந்ததைத்தான் காட்டுகிறது. நர்சரியிலிருந்து வாங்கி வந்த முதல் சில வாரங்களில் உதிரும் இலைகளையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கலாம். ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து இலைகள் உதிர்ந்தாலோ, நுனி வளர்ச்சி நின்றுவிட்டாலோதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

எந்த இலை, எந்த இடம், எந்த வடிவம்

நிறமாற்றம் செடியின் அடி இலைகளில் தொடங்கியதா, நுனித் தளிரில் தொடங்கியதா என்பதே முதல் கேள்வி. இதற்கு அடிப்படை எளிது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாஷ்), மக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்ல முடியும்; மண்ணில் குறைந்துவிட்டால் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலையே முதலில் வெளுக்கும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்புச்சத்து, போரான் ஆகியவை ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து பெரும்பாலும் நகர்வதில்லை. அவை குறைந்தால் முதிர்ந்த இலை நன்றாகவே இருக்கும், தளிர்தான் பாதிக்கப்படும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டாலே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும்.

அடுத்து, மாற்றம் செடி முழுவதும் பரவியிருக்கிறதா, ஒரு பக்கத்தில் மட்டுமா, ஒரே கிளையில் மட்டுமா என்று பார்க்க வேண்டும். மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் வெளுத்திருந்தால் வெயிலையும், கடல் காற்று வந்து மோதும் பக்கம் மட்டும் கருகியிருந்தால் உப்புக் காற்றையும், ஒரே கிளை மட்டும் மஞ்சளாகி வாடினால் அந்தக் கிளையின் தண்டில் துளைப்பானோ (தண்டைக் குடையும் புழு) அழுகலோ இருப்பதையும் முதலில் ஐயுற வேண்டும்.

மூன்றாவது, இலையின் நடு நரம்புக்கு இரு பக்கமும் ஒரே மாதிரியான வடிவம் தெரிகிறதா என்பது. சத்துக் குறைவு பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகவே தோன்றும். ஒழுங்கற்ற திட்டுகள், வளையங்கள், ஒரு பக்கம் மட்டும் புள்ளிகள் என்றால் பூச்சியையோ நோயையோ தேட வேண்டும்.

இந்தப் பார்வைக்கு உகந்த நேரம் காலை ஏழு, எட்டு மணி. உச்சி வெயிலில் எல்லா இலையும் வெளிறித்தான் தோன்றும், தொய்ந்தும் இருக்கும். ஒவ்வொரு வகை இலையிலும் ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, பிறகு அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் ஒன்று கையில் இருந்தால், கடையில் வாங்கும் மூன்று மருந்துப் புட்டிகளைவிட அது பயன்படும்.

தொட்டிக்குள் பார்ப்பது

இலையைப் பார்த்து முடித்ததும் மருந்துக்குப் போகாமல் மண்ணுக்குப் போக வேண்டும். விரலை இரண்டு அங்குல ஆழம் நுழைத்துப் பார்த்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். ஆழமான தொட்டியில் அது போதாது. மேல் மண் காய்ந்திருக்க, அடியில் சேறாக இருப்பது மாடித் தோட்டங்களில் சாதாரணம். தொட்டியை ஒருமுறை தூக்கிப் பார்ப்பதும், ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி எடுத்து அதில் ஒட்டிய ஈரத்தைப் பார்ப்பதும் நம்பகமானவை.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடி, அடி இலைகள் மந்தமான மஞ்சளாகி உதிர்ந்தால், வேருக்குக் காற்று கிடைக்கவில்லை என்று பொருள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இது மிகுதி. தொட்டியின் அடித்துளை தளத்து ஓட்டோடு ஒட்டி அடைபட்டிருக்கும். அல்லது துளைக்கு மேல் வேர் பின்னி மூடியிருக்கும். சந்தேகம் இருந்தால், செடியின் அடித்தண்டை விரல்களுக்கு இடையில் பிடித்துத் தொட்டியைச் சாய்த்துத் தட்டி, மண்கட்டியோடு வெளியே எடுத்துப் பார்ப்பதே சரி. இதற்குத் தயங்க வேண்டியதில்லை. கட்டி உடையாமல் எடுத்துத் திரும்ப வைத்தால் செடிக்குத் தெரியக்கூடத் தெரியாது. நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து, இழுத்தால் மேல் தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் மிஞ்சும், புளித்த நாற்றமும் அடிக்கும். அழுகியதை வெட்டி நீக்கி, இலைச் சுமையையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்து, செம்மண், மட்கிய தொழுஉரம், கரடுமுரடான மணல் கலந்த புதுக் கலவையில் நட்டு, இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். புதுத் தளிர் வரும்வரை எந்த உரமும் கூடாது. தொட்டியை இரண்டு செங்கற்களின் மேல் ஏற்றி வைப்பது அடுத்த மழைக்கு முன்னெச்சரிக்கை.

நர்சரிச் செடிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவும் இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அந்த உருண்டையை அப்படியே தளர்வான தேங்காய் நார்க் கலவைக்குள் வைத்து நட்டுவிட்டால், ஊற்றும் தண்ணீர் நாரில் இறங்கி ஓடிவிடும்; உருண்டை உள்ளே காய்ந்து கல்லாகவே இருக்கும். தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி ஓரம் கருகுவதன் காரணம் பல நேரம் இதுதான். உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வெளி மண்ணைப் பாதியளவு கரைத்துவிட்டு நட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பல ஆண்டுகள் ஒரே தொட்டியில் இருந்த செடியில் வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்து மண்ணே மிஞ்சியிருக்காது. ஊற்றிய தண்ணீர் அடுத்த நொடியே அடியில் வழிந்தால் இதை நினைவில் கொள்ளலாம். வெளிவேரைக் கத்தியால் இரண்டு, மூன்று இடங்களில் கீறி, சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் மஞ்சள் தானாக நிற்கும். வேரைப் பார்க்கும்போது, தேய்த்தாலும் உதிராத சிறு முடிச்சுகள் தென்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு; அந்த மண்ணை வேறு எந்தத் தொட்டிக்கும் பயன்படுத்தக் கூடாது.

இட்லிப்பூவின் மஞ்சள்: இரும்பு இருந்தும் கிடைக்காத நிலை

வேர் நன்றாக இருக்கிறது, வடிகால் நன்றாக இருக்கிறது, ஆனாலும் இட்லிப்பூச் செடியின் நுனி மஞ்சளாகிக்கொண்டே போகிறது என்றால், ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். அந்த இலையை அருகில் வைத்துப் பார்த்தால் அடையாளம் தெளிவாகத் தெரியும். நுனியிலுள்ள இணை இலைகள் எலுமிச்சை மஞ்சளாக இருக்க, அதில் ஓடும் நரம்புகள் மட்டும், மிகச் சிறிய கிளை நரம்பு வரை, பச்சை மையால் வரைந்ததுபோல் தனித்துத் தெரியும். அதற்குக் கீழுள்ள இணையில் மஞ்சள் குறையும். அதற்கும் கீழே உள்ளவை கரும்பச்சையாகவே இருக்கும். முற்றிய நிலையில் நரம்பின் பச்சையும் மறைந்து இலை வெண்மஞ்சளாகி, ஓரத்தில் பழுப்புக் கருகல் விழுந்து, புது இலைகள் சிறுத்துப்போகும். மல்லிகையிலும் செம்பருத்தியிலும் ரோஜாவிலும் இதே தோற்றம் வரும். இட்லிப்பூவில்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.

இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். ஆனால் தொட்டியில் இரும்பு இல்லை என்பது இதன் பொருள் அன்று. செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்த நிறம்தான். மண்ணின் கார அமிலக் குறியீடு (pH) 7-ஐத் தாண்டி ஏற ஏற, அந்த இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது; வேருக்கு அருகிலேயே இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூவோ சற்று அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட் உப்புகள் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டியில் தங்கி, குறியீட்டை மெல்ல மெல்ல உயர்த்துகின்றன. தரையில் நட்ட செடிக்கு மண்ணின் பரப்பு பெரிது. தொட்டிச் செடிக்குத் தப்பிக்க இடமில்லை. வாங்கிய முதலாண்டு செழித்த இட்லிப்பூ இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மஞ்சளாவதன் இரகசியம் இதுவே. புதுச் சிமெண்டுத் தொட்டியும் சுண்ணாம்பைக் கசியவிடும். அத்தகைய தொட்டியைச் சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். தொட்டிக் கலவை ஒரு கரண்டி எடுத்துக் காயவைத்து, அதன் மேல் வினிகர் சில சொட்டு விட்டு, நுரைத்தால் உள்ளே சுண்ணாம்பு சேர்ந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இரும்புக் குறைவுதானா என்பதைச் செடியே சொல்லும்படி ஒரு சோதனை உண்டு. மழை நீரிலோ ஆர்.ஓ. சுத்திகரிப்பில் வந்த குடிநீரிலோ ஒரு லிட்டர் எடுத்து, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கும் பெர்ரஸ் சல்பேட் 5 கிராமும், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் 1 கிராமும் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு சேர்க்க வேண்டும். சமையலுக்கான எலுமிச்சை உப்பே போதுமானது. இட்லிப்பூவின் இலைகள் எதிரெதிராக இணைந்து வளர்பவை. மஞ்சளான ஓர் இணையில் ஓர் இலைக்கு மட்டும் இந்தக் கரைசலைப் பஞ்சால் தடவி, எதிர் இலையை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் தடவிய இலையில் பச்சைத் திட்டுகள் எழுந்து, எதிர் இலை மஞ்சளாகவே இருந்தால் கண்டறிதல் முடிந்தது. மாறாவிட்டால் மாங்கனீசு, துத்தநாகம் பக்கம் கவனத்தைத் திருப்பலாம். மாங்கனீசுக் குறைவில் நரம்பை ஒட்டிப் பச்சை சற்று அகலமான பட்டையாக நிற்கும், வலைபோன்ற மெல்லிய நரம்புகள் தெளிவாகத் தெரியாது. துத்தநாகக் குறைவில் இலைகள் குறுகி, கணுக்கள் நெருங்கி, நுனி கொத்தாகத் தோன்றும்.

கரைசலை ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: சற்று நேரத்தில் அது துருநிறமாகி அடியில் படிந்துவிடும், அந்த இரும்பு செடிக்கு உதவாது. பெர்ரஸ் சல்பேட் தரை ஓட்டிலும் துணியிலும் பட்டால் துருக் கறை போகவே போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செடி முழுவதும் தெளிப்பதானால் இளந்தளிர் கருகாதபடி லிட்டருக்கு 2 அல்லது 3 கிராமாகக் குறைத்து, வெயில் தாழ்ந்த பிறகு, பத்து நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை தெளித்தால் போதும்.

தெளிப்பு தற்காலிக நிவாரணமே. மண்வழியே கொடுப்பதற்குக் கடைகளில் கிடைக்கும் கீலேட் இரும்பில் (எளிதில் படிந்துவிடாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு) இரண்டு வகையைக் கவனிக்க வேண்டும்: இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் விரைவில் பயனற்றுப்போகும், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை விலை அதிகமானாலும் கார மண்ணிலும் நிலைத்து நிற்கும். கந்தகத் தூளை மேல் மண்ணில் சிறிதளவு கலப்பதும் பலன் தரும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்றுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை கலவையில் பாதியையாவது மாற்றுவதும், பருவமழையில் பிடித்த நீரை இட்லிப்பூவுக்கென்று ஒதுக்குவதும்தான் நிலையான வழி. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் சிக்கனம் பாராட்டத்தக்கதாகத் தோன்றினாலும், நீரிலிருந்த உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். அதைத் தளம் கழுவப் பயன்படுத்துவது நல்லது. முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் இரண்டும் மண்ணைக் காரமாக்குபவை என்பதால் இட்லிப்பூத் தொட்டிக்கு ஆகவே ஆகாது. தொட்டிக்குள் துருப்பிடித்த ஆணியைப் புதைப்பது பலர் சொல்லும் வைத்தியம். துருவும் கரையாத இரும்புதான் என்பதால் கார மண்ணில் அது ஆணியாகவே இருக்கும்.

அடி இலையில் தொடங்கும் மஞ்சள்

வேர் நலமாக இருந்து, அடி இலைகள் நரம்பும் சேர்த்து ஒரே சீராக வெளிறி, செடி முழுவதும் மெலிந்து காணப்பட்டால் தழைச்சத்துக் குறைவு. சரியாக மட்காத நார்க் கழிவோ மரத்தூளோ கலவையில் இருந்தால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே தழைச்சத்தை எடுத்துக்கொண்டுவிடும். உரமிட்டும் மஞ்சள் தொடர்வது அதனால்தான். மண்புழு உரம் இரண்டு கைப்பிடியும், ஊறவைத்துப் பத்து மடங்கு நீர்த்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலும் போதுமானவை.

முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பரவி, காம்பருகே பச்சை அம்பு முனைபோல் மிஞ்சினால் மக்னீசியக் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து மண்ணில் ஊற்றலாம். பூ நிறையப் பூக்க வேண்டும் என்று பொட்டாஷ் உரத்தை அள்ளிப் போடும் தொட்டிகளில் மக்னீசியம் உறிஞ்சப்படுவது தடைப்படும் என்பதால், அங்கே எப்சம் உப்பைச் சேர்ப்பதைவிடப் பொட்டாஷை நிறுத்துவதே முதல் வேலை. முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல்சத்துக் குறைவாக இருக்கலாம். ஆனால் அதே தோற்றம் உப்பாலும் வரும், தொட்டிகளில் உப்பே அதிகம்.

ஓரம் கருகுவதும் வெளுப்பதும்

மேல் மண்ணிலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருந்து, இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் காய்ந்தால் உப்புச் சேர்ந்துவிட்டது. தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, அவசரமில்லாமல், அடியில் வழிய வழிய ஊற்றிக் கழுவ வேண்டும். படிவை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதையே கரைத்து வேருக்கு அனுப்பியதாகும். கழுவிய பின் ஒரு மாதம் இரசாயன உரம் வேண்டாம்.

வெயில் கருகல் இதிலிருந்து வேறுபட்டது. அது இலையின் நடுவில், வெயில் நேராக விழும் மேற்பரப்பில், வெளுத்த காகிதம் போன்ற திட்டாக வரும்; அடுத்த இலை மறைத்த பகுதி பச்சையாகவே இருக்கும்; ஒருமுறை வந்தபின் பரவாது. நிழல் வலைக்குள் வளர்ந்த செடியை நர்சரியிலிருந்து கொண்டுவந்து நேரே கத்திரி வெயிலில் வைப்பதால் வருவது இது. இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும்படி வைத்துப் பழக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கம் சூடேறி அந்தப் பக்கத்து வேர் வெந்துபோவதும் மே மாதத்தில் நடப்பதுதான். தொட்டிகளை நெருக்கி வைப்பதும் சாக்குச் சுற்றுவதும் அதற்குப் பரிகாரம்.

பூச்சிகள்

இலையின் மேற்புறத்தில் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் நெருங்கி, தூரத்திலிருந்து பார்க்கையில் தூசி படிந்த மங்கல் தெரிந்தால் செஞ்சிலந்தி. கோடையில் ரோஜாவிலும் செம்பருத்தியிலும் குரோட்டன்ஸிலும் மிகுதி. வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்து மூன்று தட்டுத் தட்டி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், விழுந்த தூசிகளில் சில நகரத் தொடங்கும். விரலால் அழுத்தி இழுத்தால் தாளில் செம்பழுப்புக் கோடு விழும். சிலந்தி இனம் என்பதால் சாதாரணப் பூச்சிமருந்துகள் பலவும் அதைத் தொடுவதில்லை. அதைத் தின்னும் நல்ல உயிர்களைத்தான் கொல்கின்றன. இலையின் அடிப்புறத்தைக் குழாய் நீரால் மூன்று நாளுக்கொருமுறை பீய்ச்சிக் கழுவுவதும், வேப்பெண்ணெய் 5 மில்லியும் சில சொட்டுத் திரவ சோப்பும் ஒரு லிட்டர் நீரில் நன்றாகக் கலக்கி மாலையில் தெளிப்பதும் பெரும்பாலும் போதும். நனையும் கந்தகமும் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) பயன் தரும். ஆனால் கடும் வெயில் நாட்களிலும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அதைத் தெளித்தால் இலை கருகும்.

இலைமேல் பிசுபிசுப்பும் கறுப்புப் படலமும் எறும்பு வரிசையும் இருந்தால் மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி, வெள்ளை ஈ இவற்றில் ஒன்று சாறு உறிஞ்சுகிறது. கறுப்பு என்பது அவை கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூசணம்; அதற்குத் தனி மருந்து வேண்டாம். செடியில் எவ்வளவு தேடியும் பூச்சி இல்லையென்றால் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலைகளில் பெருகி, மரத்தின் கீழுள்ள எல்லாச் செடிகளின் மேலும் இனிப்பு நீரைச் சொட்டுகிறது. தொட்டியை நகர்த்தி, நீர்த்த கஞ்சியைத் தெளித்துக் காயவிட்டால் படலம் செதில் செதிலாக உரிந்துவிடும்.

செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்குக் கடுமையான மருந்தைத் தேடுவோர் ஒன்றைக் கருதலாம். 2008-இல் கோயம்புத்தூரில் பதிவான பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியபோது, அதை அடக்கியது மருந்தன்று. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட சிறு குளவி இனங்கள்தான். மாடியில் கடும் மருந்து தெளித்தால் முதலில் சாவது அவையே. தாக்கிய நுனியை வெட்டி சோப்பு நீரில் அமிழ்த்தி, மிஞ்சியதைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் துடைத்து, எறும்பு ஏறாதபடி தடுத்தால் மாவுப்பூச்சி தாக்குப்பிடிப்பதில்லை.

பூசணமும் நச்சுயிரியும்

ரோஜா இலையில் விளிம்பு சிதறிய கறுப்பு வட்டங்களும், சுற்றி மஞ்சளும், பிறகு உதிர்வும் கரும்புள்ளி நோய். அதன் வித்துகள் முளைத்துத் தொற்ற இலை குறைந்தது ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றினாலே பாதி குறையும். ஈழத்தலரி இலையின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்து, திருப்பினால் அடியில் ஆரஞ்சுத் தூள் விரலில் ஒட்டினால் துரு நோய். மழைக்குப் பின் மிகுதி, தாக்கிய இலைகளை அகற்றினால் செடி சமாளித்துக்கொள்ளும். வெள்ளைத் தூள் படிவது சாம்பல் நோய். நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டம் தருவதே முதல் மருந்து.

நரம்பு ஒழுங்கைப் பின்பற்றாத மஞ்சள் திட்டுகளும் இலைச் சுருக்கமும் சேர்ந்து, உரத்துக்கும் தெளிப்புக்கும் அசையாமல் ஒவ்வொரு புதுத் தளிரிலும் வந்தால் நச்சுயிரி (வைரஸ்). கல்வாழையில் மஞ்சள் கோடுகளாக இது அடிக்கடி காணப்படும். இதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியிலிருந்து பதியமோ கிழங்கோ எடுக்காமல் அப்புறப்படுத்தி, வெட்டிய கத்தரிக்கோலைக் கழுவி ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடுத்த செடியைத் தொட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

ஒரே நாளில் தொட்டி மாற்றி, எப்சம் உப்பு ஊற்றி, வேப்பெண்ணெயும் தெளித்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றைச் செய்து இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். பார்க்க வேண்டியது பழைய மஞ்சள் இலையை அன்று. கருகிய இலை மீண்டும் பச்சையாவதில்லை, தழைச்சத்துக் குறைவில் முழு மஞ்சளான இலையும் அப்படியே உதிரும். சிகிச்சையைத் தொடங்கும் நாளில் நுனி இலைக்குக் கீழே ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டி வைத்து, நூலுக்கு மேலே வரும் இலைகளை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். அவை முந்தையவற்றைவிடப் பச்சையாகவும் பெரிதாகவும் வந்தால் வழி சரி; அதே மஞ்சள் தொடர்ந்தால் மீண்டும் வேரிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும். பாதிக்கு மேல் பச்சையுள்ள இலைகளை அழகுக்காகக் கிள்ளிவிடக் கூடாது, அவையும் செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கின்றன. நூலுக்கு மேல் இரண்டு சுற்றுத் தளிர் நல்ல நிறத்தில் வந்த பிறகு, வழக்கமான உரத்தைப் பழைய அளவில் பாதியாகத் தொடங்கலாம்.